ஓதி முடித்த பிள்ளைக்கு ஓதத் தெரியுமா?

முஸ்லிம்கள் வாழும் தமிழ்நாட்டு ஊர்களில் காலையிலோ மாலையிலோ ஒரு காட்சியைக் காணலாம். தொப்பி அணிந்த சிறுவர்களும் முக்காடிட்ட சிறுமிகளும் பள்ளிவாசலை நோக்கி நடந்து போவார்கள். கையில் குர்ஆன் இருக்கும். சற்று நேரத்தில் அங்கிருந்து ஓதும் ஓசை எழும்.

மக்தப் என்பார்கள் சிலர். ஓதும் பள்ளி என்பார்கள் சிலர். குர்ஆன் மதரஸா என்பதும் உண்டு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். அரபு எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது, குர்ஆனை ஓதப் பழக்குவது, தொழுகையைக் கற்பிப்பது, மார்க்கத்தின் அடிப்படைகளை மனத்தில் பதிய வைப்பது.

பிள்ளை குர்ஆனை முழுவதும் ஓதி முடித்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சி பொங்கும். உஸ்தாதுக்குப் புது வேட்டி சட்டை கொடுப்பார்கள். உறவினருக்கு இனிப்பு வழங்குவார்கள். "என் மகன் குர்ஆன் முடித்துவிட்டான்" என்று தகப்பனார் பெருமையோடு சொல்வார்.

நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு கேள்வி. முடித்த பிள்ளைக்கு ஓதத் தெரியுமா? முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தால், பக்கத்தில் யாரும் எடுத்துக் கொடுக்காமல், அவன் தானாக ஓதுவானா? ஓதியதில் நாலு வரிக்காவது பொருள் சொல்வானா?

பல ஊர்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பரீட்சை இல்லை என்பதல்ல குறை. பரீட்சை என்ற பெயரில் எதைச் சோதிக்கிறோம் என்பதை யோசிக்காததுதான் குறை.

கூட்டத்தில் மறையும் பிள்ளை

முப்பது பிள்ளைகளுக்கு ஒரே உஸ்தாது. இருப்பதோ ஒரு மணி நேரம். அவர் என்ன செய்வார்? ஒரு வரியைத் தாம் ஓதுவார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திருப்பி ஓதுவார்கள். ஓசை கணீரென்று ஒலிக்கும். வெளியே போகிறவர்கள் கேட்டு மகிழ்வார்கள்.

அந்த ஓசைக்குள் பத்துப் பிள்ளைகள் சரியாக ஓதுகிறார்கள். பத்துப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டு ஓதுகிறார்கள். மீதிப் பத்துப் பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள். யார் எந்தப் பத்து என்பது உஸ்தாதுக்குத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது. பிள்ளைக்கு மட்டும் தெரியும். அவன் வாய் திறந்து சொல்லமாட்டான்.

ஆண்டு விழா வரும். மேடை போடுவார்கள். நன்றாக ஓதுகிற நாலைந்து பிள்ளைகளை ஏற்றுவார்கள். அவர்கள் முன்பே பழகிய சூராக்களை இனிமையாக ஓதுவார்கள். பரிசு வழங்கப்படும். ஊர் திருப்தியாக வீட்டுக்குப் போகும். மேடை ஏறாத இருபத்தைந்து பிள்ளைகளைப் பற்றி அன்று பேச்சே வராது. மேடையில் ஓதியவை நல்ல பிள்ளைகளின் நல்ல சூராக்கள்; மதரஸாவின் தரத்தை அறிய அது போதாது.

ஓர் எழுத்தின் விலை

"ஓசை கொஞ்சம் மாறினால் என்ன? நல்ல எண்ணம் இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

அரபியில் இருதயத்துக்குக் கல்பு என்று பெயர். நாய்க்கும் கல்பு என்றுதான் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. அரபியில் இரண்டும் வேறு. முதலாவது தொண்டையின் ஆழத்தை ஒட்டிப் பிறக்கும் "காஃப்" எழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவது தமிழ்க் ககரத்தைப் போன்ற மற்றொரு "காஃப்" எழுத்தில் தொடங்குகிறது. நாக்கு சற்றே இடம் மாறினால் இருதயம் நாயாகிவிடும்.

தமிழ்ப் பிள்ளைக்குக் குறில் நெடில் புதிதல்ல. அதைச் சுலபமாகப் பிடித்துக் கொள்வான். ஆனால் தமிழ்க் காதுக்கு "ஸ" என்றே கேட்கும் அரபு எழுத்துக்கள் ஒன்றல்ல, இரண்டல்ல. "ஹ" என்று கேட்பவையும் இரண்டு. அவற்றைப் பிரித்து உச்சரிக்கும் விதிகளைத்தான் தஜ்வீத் என்கிறார்கள். ஓதுகிறவன் வாயைப் பார்த்து, ஓசையைக் காதால் கேட்டு, அங்கேயே திருத்தினால் ஒழிய இது வராது. தாளில் எழுதும் பரீட்சை எதுவும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது. தஜ்வீத் விதியை நூற்றுக்கு நூறு எழுதும் பிள்ளை, ஓதும்போது பிழை செய்யலாம்.

இது சிறு விஷயமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடமையான ஐந்து வேளைத் தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்துகள் உண்டு. தனியே தொழுகிறவர் ஒவ்வொரு ரக்அத்திலும் ஏழு வசனங்கள் கொண்ட பாத்திஹா சூராவை ஓதுகிறார். அதாவது ஒரு நாளைக்குப் பதினேழு தடவை. வருஷத்துக்கு ஆறாயிரம் தடவைக்கு மேல். எட்டு வயதில் திருத்தாமல் விட்ட ஒரு பிழை எண்பது வயது வரை கூடவே வரும். அப்போது திருத்த யாரும் துணியமாட்டார்கள். அவருக்கும் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

நபிகள் நாயகம் நடத்திய சோதனை

மார்க்கக் கல்வியில் சோதனை என்பது புதிதாக வந்ததல்ல. நபிகள் நாயகம் அவர்களே தம் தோழர்களைக் கேள்வி கேட்டுச் சோதித்திருக்கிறார்கள். இமாம் புகாரி தம் ஹதீஸ் தொகுப்பில், கல்வியைப் பற்றிய பகுதியில், இதற்கென்றே ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்.

இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எந்த மரம் என்று நபிகள் நாயகம் ஒரு சபையில் கேட்டார்கள். எல்லோரும் பாலைவனத்து மரங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தார்கள். பேரீச்சை மரம் என்ற விடை இளைஞரான இப்னு உமருக்குத் தோன்றியது. ஆனால் சபையில் பெரியவர்கள் மௌனமாக இருந்ததால் அவர் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பிறகு தம் தந்தையார் உமரிடம் சொன்னார். நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று உமர் வருந்தினார்.

உபாத்தியாயர்கள் இந்தச் சம்பவத்தை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும். விடை தெரிந்த பிள்ளை பேசாமல் இருக்கிறான். சபையில் பேசாதவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினால், இப்னு உமருக்கும் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். பிற்காலத்தில் மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்தவர்களில் ஒருவர் அவர்! கூச்சமுள்ள பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? நாலு பேர் முன் வாய் திறக்கத் தயங்கும் பெண் குழந்தைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

இன்னொரு சம்பவமும் ஹதீஸில் வருகிறது. ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசரமாகத் தொழுதார். தொழுதுவிட்டு நபிகள் நாயகத்துக்கு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொன்ன நாயகம் அவர்கள், அவர் தொழுகை தொழுகையாகவில்லை, திரும்பப் போய்த் தொழ வேண்டும் என்றார்கள். இப்படி மூன்று தடவை நடந்தது. பிறகு அவர், தமக்கு இவ்வளவுதான் தெரியும், கற்றுத்தர வேண்டும் என்று வேண்டினார். குனிவதிலும் நிமிர்வதிலும் சிரம் பணிவதிலும் நிதானம் வேண்டும் என்று நாயகம் அவர்கள் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. தொழுகையைச் சோதிக்கத் தொழச் சொல்லிப் பார்த்தார்கள். தொழுகையைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. தவறு கண்டபோது அடிக்கவில்லை, சபையில் அவமானப்படுத்தவில்லை. மறுபடியும் வாய்ப்புக் கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும் மார்க்குப் போட்டு அனுப்பிவிடவில்லை. எது குறையோ அதைக் கற்பித்தார்கள். கற்பிப்பதில் போய் முடியாத சோதனையால் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்?

தாளில் எழுதும் பரீட்சை

எழுத்துப் பரீட்சையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. அதற்கும் ஓர் இடம் உண்டு.

பழங்காலத்தில் மாணாக்கர் ஆசிரியர் ஒருவரை நாடிப் போய், அவர் முன் உட்கார்ந்து கிதாபை வாசிப்பார். ஆசிரியர் திருப்தி அடைந்தால் "இஜாஸா" என்ற அனுமதி கொடுப்பார். நல்ல முறைதான். ஆனால் ஒருவருடைய திருப்தியையே முழுதும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. மாணாக்கர் தொகை பெருகியபோது பொதுவான ஓர் அளவு தேவைப்பட்டது. 1866-ல் தொடங்கிய தேவ்பந்த் மதரஸா, பாடத்திட்டத்தையும் முறையான பரீட்சைகளையும் ஏற்படுத்திக் கொண்டது. கெய்ரோ நகரத்து அல் அஸ்ஹரில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம், ஆலிம் பட்டம் பெற விரும்புகிறவர்கள் அறிஞர் குழுவின் முன் பதினொரு பாடங்களில் தேற வேண்டும் என்று விதித்தது.

பக்கத்துக் கேரளத்தில் 1951-ல் சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்தியாப்பியாச போர்டு அமைந்தது. இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மதரஸாக்கள் அதன்கீழ் இருக்கின்றன. ஐந்து, ஏழு, பத்து ஆகிய வகுப்புகளில் எல்லா மதரஸாக்களுக்கும் பொதுப் பரீட்சை நடக்கிறது. இலங்கையிலோ சர்க்கார் பள்ளிக்கூடங்களிலேயே இஸ்லாம் ஒரு பாடம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் மாணவர்கள் தத்தம் சமய பாடத்தை எழுதியாக வேண்டும். முஸ்லிம் மாணவர் பெரும்பாலோர் இஸ்லாம் பாடத்தைத் தமிழில்தான் எழுதுகிறார்கள்.

இவற்றால் பெரிய நன்மை உண்டு. மூலையில் இருக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவு கிடைக்கிறது. எந்த வயதில் எது தெரிந்திருக்க வேண்டும் என்பது பெற்றோருக்கும் புரிகிறது. தமிழ்நாட்டு மக்தபுகளில் ஓர் ஊரின் மூன்றாம் வகுப்பு இன்னோர் ஊரின் ஐந்தாம் வகுப்பாக இருக்கலாம். பிள்ளை ஊர் மாறினால் அலிஃப், பே, தே என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆனால் கேள்வித்தாள் எப்படியோ படிப்பும் அப்படியே ஆகும். "ஜகாத்து நாற்பதில் எத்தனை பங்கு?" என்று கேட்டால், "ஒரு பங்கு" என்று மனப்பாடம் செய்த பிள்ளை மார்க்கு வாங்கிவிடும். கேள்வியை இப்படி மாற்றிப் பார்க்கலாம்: "ஒரு வியாபாரியிடம், கடன் எதுவும் இல்லாமல், 40 லட்சம் ரூபாய் வருஷம் முழுதும் இருந்தது. அவர் கொடுக்க வேண்டிய ஜகாத்து எவ்வளவு? அதைத் தம் சொந்த மகனுக்குக் கொடுக்கலாமா? காரணம் என்ன?" ஒரு லட்சம் என்று கணக்குப் போட வேண்டும். மகனைக் காப்பாற்றுவது தகப்பனின் பொறுப்பு; ஆகவே ஜகாத்து அவனுக்குப் போகாது என்பதையும் யோசித்துச் சொல்ல வேண்டும். பாடம் ஒன்றுதான். முதல் கேள்வி நாக்கைச் சோதிக்கிறது. இரண்டாவது அறிவைச் சோதிக்கிறது.

இரண்டு சரியான விடைகள்

தமிழ் முஸ்லிம்களுக்கு உரிய இன்னொரு விஷயமும் உண்டு. இவர்களில் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோர் உண்டு. ஷாபி மத்ஹபைப் பின்பற்றுவோரும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபிகள் அதிகம்.

"காயம்பட்டு இரத்தம் வழிந்தால் ஒளு முறியுமா?" என்று கேட்டால், முறியும் என்பது ஹனபிப் பிள்ளைக்குச் சரியான விடை. முறியாது என்பது ஷாபிப் பிள்ளைக்குச் சரியான விடை. கேள்வி தயாரித்தவர் ஒரே விடையை எழுதி வைத்துக் கொண்டால், தன் பாட்டனார் காலத்திலிருந்து வரும் மார்க்கச் சட்டத்தைச் சரியாகப் படித்த பிள்ளை தவறு செய்தவன் ஆகிறான். அவன் மனம் என்ன பாடுபடும்! "நீ பின்பற்றும் மத்ஹபில் என்ன சட்டம்?" என்று கேட்டால் தகராறே இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

பக்திக்கு மார்க்குப் போடலாமா?

ஐந்து வேளைக்கும் கட்டம் போட்ட அட்டை ஒன்றைச் சில இடங்களில் கொடுக்கிறார்கள். தொழுதால் குறியிட வேண்டும். மாத முடிவில் குறிகளை எண்ணிப் பரிசு கொடுக்கிறார்கள்.

நோக்கம் நல்லது. பிள்ளை தொழுது பழக வேண்டும் என்பதே ஆசை. ஆனால் பத்து வயதுச் சிறுவன் என்ன செய்வான்? பரிசு வேண்டும். சுபுஹு நேரத்தில் தூங்கிவிட்டான். அவனை யாரும் பார்க்கவில்லை. குறியிட்டுவிடுகிறான். தொழுகையைக் கற்பிக்கக் கொடுத்த அட்டை பொய்யைக் கற்பித்துவிடுகிறது! உண்மையாக நாலு கட்டங்களைக் காலியாக விட்ட பிள்ளைக்குப் பரிசு இல்லை. எந்தப் பிள்ளை மேல் என்று அந்த அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பிள்ளைக்குத் தொழத் தெரியுமா என்பதை உஸ்தாது சோதிக்கலாம். அவன் உள்ளத்தில் இறையச்சம் எவ்வளவு என்பதைச் சோதிக்க முடியாது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது இஸ்லாத்தின் அடிப்படைகளில் ஒன்று. எண்ணத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அந்த நாற்காலியில் உஸ்தாது ஏறி உட்காரக்கூடாது. அறிவுக்கு மார்க்கு உண்டு. பழக்கத்துக்கு ஊக்கம் உண்டு. ஈமானுக்கு மார்க்கு இல்லை. தொழுகைப் பழக்கத்தைக் கவனிப்பது வீட்டில் தாய் தகப்பன் அன்போடு செய்யும் காரியமாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒழுங்குதான் தேவை.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே ஓத விட்டுக் கேட்க வேண்டும். முப்பது பிள்ளைகள் என்றால் நாளைக்கு ஆறு பேர். ஒருவருக்குப் பத்து நிமிஷம். ஐந்து நாளில் முடிந்துவிடும். பழகிய சூரா ஒன்று, பழகாத பக்கம் ஒன்று ஓதச் சொல்லலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் எந்தப் பிள்ளையும் கூட்டத்தில் மறைய முடியாது. ரமலான் தோறும் வானவர் ஜிப்ரீல் நபிகள் நாயகத்தோடு குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார் என்றும், நாயகம் மறைந்த ஆண்டில் இருமுறை அப்படி நடந்தது என்றும் ஹதீஸ் சொல்கிறது. திரும்பத் திரும்பக் கேட்பது நபிவழி.

இரண்டாவது, செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒளு செய்வதைத் தண்ணீர்க் குழாயடியில் பார்க்க வேண்டும். தொழுகையைத் தொழுகை விரிப்பில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பொருளைத் தமிழில் கேட்க வேண்டும். ஓதும் பாத்திஹாவின் பொருளைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். மனப்பாடத்தைக் குறைத்துச் சொல்வது இதற்கு அர்த்தமல்ல. குர்ஆன் இன்றுவரை நெஞ்சங்களில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஹாபிஸ்களுக்கு உள்ள மதிப்பு நியாயமானது. ஆனால் மனனத்தோடு நின்றுவிட்டால் போதாது. 1377-ல் தம் புகழ்பெற்ற வரலாற்று முன்னுரையை எழுதிய இப்னு கல்தூன், வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்து மனனத்திலேயே காலம் கழிக்கும் மாணாக்கருக்குக் கல்வி கைவராது என்று வருந்தியிருக்கிறார். பிள்ளைகளிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்க்கும் வஞ்சனைக்கும் பழகிவிடுவார்கள் என்றும் எச்சரித்திருக்கிறார்.

நான்காவது, கற்பித்தவரே சோதிப்பவராகவும் இருக்கக்கூடாது. உஸ்தாதின் நேர்மையில் சந்தேகம் கொள்வதல்ல இது. தினமும் கேட்ட காதுக்குப் பிழை பழகிப் போய்விடும். மேலும், பிள்ளைகள் தேறாவிட்டால் தம் வேலை போய்விடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கும். பக்கத்து ஊர் உஸ்தாது இங்கே வந்து கேட்கட்டும். இந்த ஊர் உஸ்தாது அங்கே போய்க் கேட்கட்டும்.

ஐந்தாவது, தேறாத பிள்ளையை எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்தக்கூடாது. பிரம்பு எடுக்கவே கூடாது. எந்த எழுத்து வரவில்லை, எந்தச் செயலில் பிழை என்று ஒரு சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். "பெயில்" என்ற ஒரு சொல்லால் யாருக்கும் லாபமில்லை. "இந்த இரண்டு எழுத்துக்களையும் வீட்டில் பழக்குங்கள்" என்று எழுதினால் தாய்க்கு வேலை தெரியும்.

ஜமாஅத்தின் கடமை

இவ்வளவும் செய்ய உஸ்தாதுக்கு நேரம் வேண்டும். குறைந்த சம்பளத்தில் ஐந்து வேளை இமாமத்தும் செய்து, முப்பது பிள்ளைகளையும் கவனித்து, வீட்டுச் செலவுக்காக வேறு வேலையும் தேடுகிற ஒருவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. வர்ணம் பூசவும் விளக்குப் போடவும் தாராளமாகச் செலவிடும் முத்தவல்லிகளும் தனவந்தர்களும், இரண்டாவது உஸ்தாது ஒருவரை நியமிக்கக் கணக்குப் பார்க்கலாமா?

பெற்றோருக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சையில் ஐந்து மார்க்குக் குறைந்தால் ஓடிப்போய் விசாரிக்கிறார்கள். ஓதும் பள்ளியில் பிள்ளை என்ன படிக்கிறான் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது விசாரிக்கிறவர்கள் எத்தனை பேர்?

அடுத்த தடவை ஒரு வீட்டில் குர்ஆன் முடிக்கும் விழா வரும்போது, இனிப்பு வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். பிள்ளையை அருகில் உட்கார வைத்து, குர்ஆனை ஏதாவது ஒரு பக்கத்தில் திறந்து, அன்போடு ஓதச் சொல்லிக் கேட்கலாம். அவன் தடையில்லாமல் ஓதினால் இனிப்பை இரு மடங்காக வாங்கலாம். தடுமாறினால் கோபிக்க வேண்டாம். விழாவை ஆறு மாதம் தள்ளி வைத்து, உஸ்தாதிடம் மறுபடியும் அனுப்பலாம். அந்த ஆறு மாதம் அவனுக்கு ஆயுள் முழுதும் பயன்படும்.